காற்று ஓரத்தைத் தேடும்: வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மாஸ்க் யாருக்கு, எது, எப்படி

ஐப்பசி, கார்த்திகை மழையோடு தமிழ்நாட்டில் ஃப்ளூ காய்ச்சலும் ஏறும். வீட்டில் ஒருவர் படுத்தால் அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் இரண்டு பேர் இருமத் தொடங்குவார்கள். "ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?" என்று விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பஸ்ஸில் அரை மணி நேரம் போக மாஸ்க் போடுகிறவர்கள்கூட, காய்ச்சல்காரரோடு இரவு முழுக்க ஒரே அறையில் ஏசி போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். அதிக நேரம், அதிக நெருக்கம், புதுக்காற்று இல்லாத அறை என்று மூன்றும் சேர்கிற இடம் வீடு. மாஸ்க் அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான்.

அதுவும் சீக்கிரம் தொடங்க வேண்டும். ஹாங்காங்கில் ஃப்ளூ நோயாளிகளின் குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2009-இல் வெளியானது. எல்லா வீடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது மாஸ்க்கின் பலன் உறுதியாகத் தெரியவில்லை. அறிகுறி தொடங்கிய 36 மணி நேரத்துக்குள் மாஸ்க்கும் கை கழுவுதலும் தொடங்கிய வீடுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பரவல் குறைந்திருந்தது. ஃப்ளூ கிருமி உடம்புக்குள் போய் 1 முதல் 4 நாளில் காய்ச்சல் வரும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குப் பரவத் தொடங்கியிருக்கும். ஆகவே "டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருக்கும் இரண்டு நாள்தான் நாம் கைநழுவ விடும் நாள்கள். மாஸ்க் டப்பா காய்ச்சல் வருவதற்கு முன்பே அலமாரியில் இருக்க வேண்டும்.

முதல் மாஸ்க் நோயாளிக்கு. இதைத்தான் பல வீடுகளில் தலைகீழாகச் செய்கிறோம். பார்த்துக்கொள்கிறவர் முகத்தை மூடிக்கொண்டு போவார். இருமுகிறவர் முகம் திறந்தே இருக்கும். வாயிலிருந்து கிளம்பும் துளி ஈரமாக, ஓரளவு பெரிதாக இருக்கும். காற்றில் சில நொடிகளிலேயே நீர் ஆவியாகிச் சுருங்கிவிடும். சுருங்கிய துகள் மணிக்கணக்கில் மிதக்கும், பிடிப்பதும் கடினம். கிளம்பும் இடத்திலேயே, பெரிதாக இருக்கும்போதே பிடித்துவிடுவது எளிது.

இதற்கு மிகத் தெளிவான சான்று தென்னாப்பிரிக்காவிலிருந்து கிடைத்தது. முபுமலாங்கா மாகாணத்தில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உள்ளவர்கள் தங்கிய வார்டின் காற்றை, குழாய் வழியே இரண்டு தனி அறைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றிலும் 90 கினிப்பன்றிகள். நோயாளிகள் சாதாரண சர்ஜிகல் மாஸ்க் போட்ட நாள்களில் காற்று ஓர் அறைக்கு. போடாத நாள்களில் மற்ற அறைக்கு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மாஸ்க் இல்லாத காற்றைச் சுவாசித்த 90-இல் 69-க்குத் தொற்று. மாஸ்க் போட்ட நாள்களின் காற்றைச் சுவாசித்த 90-இல் 36-க்கு. ஆய்வு 2012-இல் வெளியானது. சில ரூபாய் மாஸ்க்தான், அதுவும் நோயாளி முகத்தில். அப்படியும் 36 விலங்குகளுக்குத் தொற்றியதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நோயாளியின் மாஸ்க் மட்டும் போதாது. அருகில் போகிறவருக்கு இன்னும் நல்ல மாஸ்க் வேண்டும், அறைக்குக் காற்றோட்டமும் வேண்டும்.

நோயாளிக்கு சர்ஜிகல் மாஸ்க் போதும். மூன்று அடுக்கு இருக்க வேண்டும். வெளி அடுக்கு நீரை ஒட்டவிடாது. உள் அடுக்கு ஈரத்தை இழுக்கும். நடுவில் இருக்கும் மெல்லிய வெள்ளை அடுக்குதான் வடிகட்டி. மெல்ட்ப்ளோன் என்று சொல்லும் இந்த பாலிபுரொப்பிலீன் இழைகளுக்கு நிலைமின்சாரம் ஏற்றியிருப்பார்கள். இழைகளுக்கு இடையில் உள்ள ஓட்டையைவிடச் சிறிய துகள்களும் அந்த மின்னேற்றத்தால் இழுக்கப்பட்டு இழையில் ஒட்டிக்கொள்ளும். புது டப்பா வாங்கியதும் ஒரு மாஸ்க்கைக் கத்தரியால் வெட்டிப் பாருங்கள். இரண்டே அடுக்கு இருந்தாலோ, நடு அடுக்கு விரல் தெரியும் அளவுக்குச் சல்லடையாக இருந்தாலோ அந்தக் கடையில் அடுத்த டப்பா வேண்டாம். டப்பாவில் ஐஎஸ் 16289 என்று இருந்தால் அது இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தந்த சர்ஜிகல் மாஸ்க் தர எண்.

சர்ஜிகல் மாஸ்க்கின் குறை துணியில் இல்லை, கன்னத்தின் இரு பக்கமும் வாய் பிளந்து நிற்கும் இடைவெளியில் இருக்கிறது. காற்று எப்போதும் எதிர்ப்பு குறைந்த வழியாகத்தான் போகும். வடிகட்டியைத் துளைத்துப் போவதைவிடக் கன்னத்து ஓட்டை வழியாகப் போவது அதற்குச் சுலபம். அந்த ஓட்டையை அடைக்கக் காசு செலவில்லாத முறை ஒன்று உண்டு. மாஸ்க்கின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒன்று சேரும்படி நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். காது எலாஸ்டிக் ஒவ்வொன்றிலும், மாஸ்க்கை ஒட்டினாற்போல ஒரு முடிச்சு போடுங்கள். பிறகு விரித்தால் இரு பக்கமும் சின்னப் பை போலக் காற்றுவழி தெரியும். அந்த மடிப்பை விரலால் உள்ளே செருகித் தட்டையாக்கி முகத்தில் மாட்டினால் கன்னத்தோடு படிந்துவிடும். முடிச்சு மாஸ்க்கிலிருந்து தள்ளி விழுந்தால் பலன் இருக்காது. காது மட்டும்தான் வலிக்கும். பெரிய முகம் உள்ளவர்களுக்கு இது கன்னத்தை இழுக்கும். அவர்கள் சர்ஜிகல் மாஸ்க்கின் மேல் இறுக்கமான துணி மாஸ்க் ஒன்றைப் போட்டு ஓரங்களை அமுக்கிக்கொள்ளலாம். 2021-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பொம்மைத் தலையை இருமவைத்து அளந்தபோது, சும்மா மாட்டிய சர்ஜிகல் மாஸ்க் பாதியளவு துகள்களைத்தான் தடுத்தது. முடிச்சு போட்டதும், மேலே துணி மாஸ்க் போட்டதும் முக்கால் பங்குக்கு மேல் தடுத்தன. ஒன்றின் மேல் இன்னொரு சர்ஜிகல் மாஸ்க் போடுவது வீண். இரண்டும் ஒரே இடத்தில் பிளந்து நிற்கும்.

பார்த்துக்கொள்கிறவருக்கு என்95 அல்லது எஃப்எஃப்பி2. அமெரிக்கத் தரப்படி என்95 என்றால், நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றைச் செலுத்தும்போது ஏறக்குறைய 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் குறைந்தது 95% நின்றுவிட வேண்டும். ஐரோப்பிய வகுப்பான எஃப்எஃப்பி2 என்றால் 94%. "கிருமி 0.1 மைக்ரான்தானே, 0.3-ஐப் பிடிக்கும் வலையில் அது நழுவிவிடாதா?" என்று கேட்பார்கள். நழுவாது. கிருமி தனியாக வருவதில்லை, எச்சில் துகளில் ஏறித்தான் வருகிறது. தவிர, சோதனைக்கு 0.3-ஐத் தேர்ந்தெடுத்ததே அந்த அளவுத் துகள் தப்புவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால்தான். அதைவிடப் பெரியவை நேராகப் போய் இழையில் மோதும். மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகள் தள்ளத் தள்ள அலைபாய்ந்து இழையில் போய் விழும்.

வாங்கும்போது மாஸ்க் மேலேயே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நம் நாட்டுத் தயாரிப்பில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 9473 என்ற எண்ணும், எஃப்எஃப்பி2 என்ற வகுப்பும் இருக்க வேண்டும். முத்திரையின் கீழே உள்ள சிஎம்/எல் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அடித்தால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். அமெரிக்க அங்கீகாரம் என்று சொல்லி விற்றால் டிசி-84ஏ (TC-84A) என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். எலாஸ்டிக் தலைக்குப் பின்னால் போக வேண்டும். காதில் மாட்டும் வகைக்கு அந்த அங்கீகாரமே கிடையாது. அப்படி அச்சிட்டுக் காதில் மாட்ட வைத்திருந்தால் போலி என்று வைத்துவிட்டு வரலாம். வால்வு வைத்ததும் வீட்டுக்கு வேண்டாம். உள்ளே போகும் காற்றை அது வடிகட்டும். வெளியே விடும் மூச்சை வடிகட்டாமல் விட்டுவிடும். பார்த்துக்கொள்கிறவருக்கே தொற்று வந்து இன்னும் தெரியாமல் இருந்தால், மற்றவர்களுக்கு அந்த வால்வு வழியாகத்தான் போகும். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை வால்வு மாஸ்க் பற்றி மாநிலங்களை எச்சரித்ததும் இதனால்தான்.

மாட்டும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 95% எல்லாம் இங்கேதான் காணாமல் போகிறது. கையைக் கழுவிவிட்டு மாஸ்க்கை உள்ளங்கையில் ஏந்துங்கள்; மூக்குக் கம்பி விரல் நுனிப் பக்கம், எலாஸ்டிக் இரண்டும் கைக்குக் கீழே தொங்கட்டும். முதலில் தாடைக்கு அடியில் வையுங்கள், பிறகு மூக்கு மேல் ஏற்றுங்கள். மேல் எலாஸ்டிக் உச்சந்தலைக்குப் பின்னே, காதுக்கு மேலாக. கீழ் எலாஸ்டிக் காதுக்குக் கீழாகப் பிடரியில். இரண்டையும் ஒரே இடத்தில் குறுக்காகப் போட்டால் மாஸ்க் கன்னத்தில் தூக்கிக்கொள்ளும். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அமுக்கிக்கொண்டே போங்கள். ஒரே கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து, மூக்கின் இரு புறமும் முக்கோண ஓட்டை விழும்.

பிறகு சோதனை. இரு கைகளாலும் மாஸ்க்கை மூடி வேகமாக மூச்சை வெளியே விடுங்கள். கண்ணில் காற்று பட்டால் மூக்குக் கம்பியைச் சரிசெய்யுங்கள். கன்னத்தில் பட்டால் எலாஸ்டிக்கைப் பின்னால் தள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது மாஸ்க் லேசாக உள்ளே ஒட்ட வேண்டும். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடியே சாட்சி. பனி படிந்தால் மேல் ஓரத்தில் கசிகிறது என்று அர்த்தம். மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பை மூக்கின் மேல் ஓரத்தில் ஒட்டினால் நிற்கும். சமையல் தாளிப்பு வாசனை வருகிறதே என்று மாஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டாம். வாசனை வாயு, துகள் அல்ல. நல்ல என்95 வழியாகவும் வரும்.

தாடி இந்த மாஸ்க்குக்கு எதிரி. ஒரு நாள் வளர்ந்த முள் போன்ற தாடியில்கூடக் கொஞ்சம் கசியலாம். அதற்கு மேல் போனால் முடிக்கு இடையே காற்று ஓடும், என்95 சர்ஜிகல் மாஸ்க் மாதிரி ஆகிவிடும். ஐயப்பனுக்கு மாலை போடும் மண்டல காலமும் ஃப்ளூ காலமும் ஒன்றாக வருகிறது. மாலை போட்டிருப்பவர் சவரம் செய்ய மாட்டார். அந்த வீட்டில் நோயாளி அறைக்குள் போகும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்வதே சரி. மாஸ்க்கின் விளிம்புக்கு உள்ளே அடங்கும் மீசையும் மூக்குத்தியும் தொந்தரவு செய்யாது. பெண்களுக்குச் சிக்கல் வருவது கூந்தலில். கீழ் எலாஸ்டிக் பின்னலுக்கு மேலே போனால் நழுவிக்கொண்டே இருக்கும். பின்னலைத் தூக்கி அடியில், பிடரித் தோல்மேல் விட வேண்டும். கொண்டை இருந்தால் மேல் எலாஸ்டிக் கொண்டைக்கு மேலே. காதோர முடி ஒரு கற்றை மாஸ்க்குக்கு அடியில் மாட்டியிருந்தாலும் அங்கே கசியும். முந்தானையையும் துண்டையும் வாயில் பிடித்துக்கொள்வது இருமலின் வேகத்தைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். மிதக்கும் துகளுக்கு அது தடையே இல்லை.

நோயாளியைக் கவனிப்பவரின் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது 1910-11-இல் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் பரவிய பிளேக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-டே, இந்த பிளேக் எலியிடமிருந்து இல்லை, மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று கண்டு, பஞ்சு வைத்த துணிமாஸ்க்கை எல்லோரும் கட்டச் சொன்னார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாள்களில் அதே நோயில் இறந்தார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் "நம்ம வீட்டு ஆள்தானே" என்று மாஸ்க் இல்லாமல் உள்ளே போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

நம் ஊர் புழுக்கத்தில் மாஸ்க் வியர்வையில் நனைவது பெரிய பிரச்சினை. நனைந்த மாஸ்க்கில் மூச்சு இழுப்பது கடினமாகும். காற்று மறுபடியும் ஓரத்தைத் தேடும். சர்ஜிகல் மாஸ்க் ஈரமானதும் மாற்றுங்கள். நோயாளிக்கு ஒரு நாளைக்கு 3 அல்லது 4 ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடாமல் இருமும்போது இன்னும் கூடும்.

என்95-ஐத் துவைக்கவே கூடாது. சோப்புத் தண்ணீர், சானிடைசர், பிளீச் எது பட்டாலும் அந்த நிலைமின்சாரம் போய்விடும். பார்க்கப் புதிது போலவே இருக்கும், வடிகட்டாது. வேகவைப்பதும் நாள் முழுக்க வெயிலில் போடுவதும் எலாஸ்டிக்கையும் வடிவத்தையும் கெடுக்கும். அதைவிட, ஐந்து என்95 வாங்கி, மருந்துக்கடை பழுப்புக் கவர் ஐந்தில் 1 முதல் 5 வரை எண் எழுதி, தினம் ஒன்றாகச் சுற்றில் விடுங்கள். முதல் மாஸ்க்கின் முறை மறுபடி வருவதற்குள் அதில் ஒட்டிய கிருமி செயலிழந்துவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் காயாது. ஒரு மாஸ்க்கை ஐந்து முறை மாட்டிக் கழற்றினால் போதும். எலாஸ்டிக் தளர்ந்தாலோ, சோதனையில் கசிந்தாலோ அதற்கு முன்பே கழித்துவிட வேண்டும். கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடாமல் கீழ் எலாஸ்டிக்கை முதலில், பிறகு மேல் எலாஸ்டிக்கை எடுத்து, கையைக் கழுவுங்கள். கழற்றுவது அறைக்கு வெளியே வந்த பிறகு.

மாஸ்க் கழற்ற வேண்டிய நேரமும் உண்டு. சாப்பாடு, மருந்து, தூக்கம். நோயாளி தூங்கும்போது மாஸ்க் போடக் கூடாது. அந்த நேரங்களில் வேலை செய்வது அறைக் காற்றுதான். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையில் 1000 கன அடி, அதாவது சுமார் 28 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு 5 முறை அது மாற வேண்டும் என்றால் 140 கன மீட்டர் வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள், ஒப்பிட்டுப் பாருங்கள். எக்ஸாஸ்ட் இல்லையென்றால் டேபிள் ஃபேனை ஜன்னலை ஒட்டி, முகம் வெளியே பார்க்க வையுங்கள். உட்கதவைச் சாத்துங்கள், அடியில் உள்ள இடைவெளி இருக்கட்டும். காற்று வீட்டிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து வெளிக்கும் ஓட வேண்டும். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தியைக் கதவின் அடியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுக்கப்பட்டால் நல்லது. கூடத்துப் பக்கம் திரும்பினால் நோயாளியின் காற்று வீட்டுக்குள் வருகிறது என்று பொருள். ஃபேனைத் திருப்புங்கள் அல்லது கூடத்து எக்ஸாஸ்ட்டை நிறுத்துங்கள். பார்த்ததும் ஊதுபத்தியை அணைத்துவிட வேண்டும், இருமுகிறவருக்குப் புகை ஆகாது.

மழைக்காலம் டெங்கு காலமும்தான், ஜன்னல் கொசுவலையை எடுக்க வேண்டாம். ஆனால் தூசி அடைந்த வலை காற்றில் பெரும்பகுதியை மறித்துவிடும். கழற்றிக் கழுவி மாட்டுங்கள். சீலிங் ஃபேன் இருக்கும் காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. ஸ்பிளிட் ஏசியும் அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிடும்.

யாருக்குப் போடக் கூடாது என்பதும் முக்கியம். ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நம் சுகாதாரத் துறை மாஸ்க் பரிந்துரைக்கவில்லை. 6 முதல் 11 வயது வரை பெரியவர் பார்வையில் போடலாம். தானாகக் கழற்ற முடியாதவர், மயக்கத்தில் இருப்பவர், மூச்சுத் திணறுபவர் முகத்தில் மாஸ்க் வேண்டாம். திணறல் இருந்தாலோ, பல்ஸ் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே போனாலோ மாஸ்க் விவாதத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். காய்ச்சல் குழந்தைக்கு என்றால், மாஸ்க் போட வேண்டியவர் தூக்கி வைத்திருக்கும் அம்மாவோ பாட்டியோதான்.

எத்தனை நாள்? ஃப்ளூ என்றால் அறிகுறி தொடங்கி குறைந்தது 5 நாள், அதோடு பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். சிறுவர்கள் இன்னும் அதிக நாள் பரப்புவார்கள். காசநோய் என்றால் மருத்துவர் சொல்லும்வரை. அந்த நாள்களில் செல்போன் மணி அடித்ததும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிப் பேசும் பழக்கத்தை மட்டும் யாராவது பக்கத்தில் இருந்து தடுக்க வேண்டும். சும்மா மூச்சு விடுவதைவிடப் பேசும்போது துகள் அதிகம் வரும், குரல் உயர உயர இன்னும் கூடும். சரியாகக் கேட்கவில்லையே என்று கத்திப் பேசும்போதுதான் வாய் திறந்திருக்கிறது.

பயன்படுத்திய மாஸ்க்கை அப்படியே குப்பைக் கூடையில் எறிய வேண்டாம். எலாஸ்டிக்கையும் மாஸ்க்கையும் கத்தரியால் வெட்டுங்கள், யாரும் எடுத்துத் திரும்ப விற்க முடியாதபடி. காகிதப் பையில் போட்டு, மேலே தேதி எழுதி, 72 மணி நேரம் மூலையில் வைத்துவிட்டுப் பிறகு உலர் குப்பையோடு கொடுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வீடுகளுக்குச் சொன்ன முறை இது. காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அதைப் பிரிக்கும்போது பெரும்பாலும் வெறுங்கையோடுதான் பிரிக்கிறார்.